கடற்கரைப் பெண்களின் அரசியல் மன்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன் முதல் மூக்கையூர் வரை உள்ள கடற்கரை ஊர்களில் எங்கள் மகளிர் அரசியல் மன்றத்தைப் பற்றிப் பேசப் போகும் இடங்களில் எல்லாம், அது ஏலக்கூடத்து வாசலாக இருந்தாலும், குழாயடியாக இருந்தாலும், கருவாடு காயும் மணல்மேடாக இருந்தாலும், பெண்கள் ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் எழுப்புகிறார்கள். மன்றத்தின் பதிவேட்டை எழுதும் பொறுப்பு என்னுடையது என்பதால் அந்த ஐயங்களையும் அவ்வப்போது குறித்து வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

1. அக்கா, முதல்ல இதைச் சொல்லுங்க. நீங்க எந்தக் கட்சிக்காரவுக?

மன்றம் எந்தக் கட்சிக்கும் உரியது அன்று. பல கட்சிகளைச் சேர்ந்த பெண்கள் எங்களிடம் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். எந்தக் கட்சியிலும் சேராதவர்கள் அவர்களைவிட அதிகம். யார் வீட்டு வாசலில் எந்தக் கொடி பறக்கிறது என்று நாங்கள் கேட்பதில்லை. கூட்டம் நடக்கும் இடத்துக்குள் கொடியும் சின்னமும் தலைவர் படமும் வரக்கூடாது என்பதும், கட்சியில் பொறுப்பு வகிப்பவர் மன்றத்தின் தலைவராகவோ செயலாளராகவோ பொருளாளராகவோ இருக்கக்கூடாது என்பதும் மட்டுமே கட்டுப்பாடுகள்.

கட்சி இல்லாமல் என்ன அரசியல் என்று அடுத்ததாகக் கேட்பார்கள். தெருக்குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடுவது, மீன் இறங்குதளத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டுவதா வேண்டாமா, ஊராட்சிப் பணத்தில் முதலில் எந்தத் தெருவுக்கு விளக்குப் போடுவது என்பவற்றை யாரோ சிலர் கூடி முடிவு செய்கிறார்கள். அந்த இடத்தில் நாமும் உட்கார்ந்து, நாம் சொன்னதையும் எழுதச் செய்வதைத்தான் அரசியல் என்கிறோம். இந்த எண்ணம் புதிதும் அன்று. 1917இல் அடையாற்றில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தார் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடினார்கள். பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாக 1921இல் சென்னை மாகாணம்தான், சொத்துத் தகுதி உடைய பெண்களுக்கு அந்த உரிமையை வழங்கியது.

2. ஏற்கெனவே சுய உதவிக் குழுவுல இருக்கேன். இதுல சேந்தா லோன் கிடைக்குமா?

கிடைக்காது. மன்றம் கடன் கொடுப்பதில்லை, கடன் வாங்கித் தருவதும் இல்லை. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் கடனை எதிர்பார்த்து வந்து ஏமாந்து போன பெண்ணை மறுபடி எந்தக் கூட்டத்துக்கும் அழைக்க முடியாது. சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் அங்கேயே தொடரலாம். குழுவில் கணக்கெழுதிப் பழகிய பெண்கள் மன்றத்துக்கு வந்தால் எங்களுக்கு மிகுந்த பலம்.

3. எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் போடத் தெரியும். நானும் சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். 18 வயது நிறைந்த எந்தப் பெண்ணும் உறுப்பினராகலாம்; படிப்பு, சாதி, சமயம், தொழில் எதுவும் தடையில்லை. கடற்பாசி எடுப்பவர்கள், கருவாட்டு வியாபாரம் செய்பவர்கள், நண்டுக் கம்பெனியில் சதை எடுப்பவர்கள், பனையோலைக் கொட்டான் முடைபவர்கள், வீட்டை விட்டு அதிகம் வெளியே வராத கீழக்கரைப் பெண்கள், கல்லூரி மாணவியர் என எல்லோரும் வருகிறார்கள். சந்தா மாதம் 10 ரூபாய். மீன்பாடு இல்லாத மாதங்களில் அதையும் கேட்பதில்லை.

எழுதத் தெரிந்தவர் ஒருவரும் பேசத் தெரிந்தவர் ஒருவரும் சேர்ந்தால் ஒரு மனு உருவாகும். எங்கள் உறுப்பினர்களில் மிகத் தெளிவாகப் பேசக்கூடிய ஒரு மூதாட்டி பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் அல்லர். ஆனால், தெருவில் எந்தக் குழாய் எந்த ஆண்டு போடப்பட்டது, எப்போது நின்றுபோனது என்பது அவருக்கு மனப்பாடம். கிராம சபையில் அவர் பேசும்போது அலுவலர்கள் தங்கள் கோப்பைப் புரட்டிப் பார்க்கிறார்கள்.

4. கூட்டம் என்னைக்கு வைப்பீக? வேலைய விட்டுட்டு வர முடியாதே.

நாள் குறிப்பதுதான் எங்களுக்கு மிகக் கடினமான வேலையாக இருந்தது. மாதத்தின் 2ஆம் ஞாயிறு என்று முதலில் வைத்தோம். அன்று தங்கச்சிமடத்துப் பெண்கள் தேவாலயப் பூசைக்குப் போனார்கள், சனிக்கிழமை கடலுக்குப் போன விசைப்படகுகள் ஞாயிறு காலை கரைக்கு வந்ததால் ராமேஸ்வரத்துப் பெண்கள் இறால் தரம் பிரிக்கப் போனார்கள். பிறகு அமாவாசை என்று வைத்தோம். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில்தான் கடல் நன்றாக வற்றும் என்பதால் பாசிக்குப் போகும் பெண்கள் ஒருவர்கூட வரவில்லை. யாருடைய பிழைப்பையும் கேட்காமல் நாள் குறித்துவிட்டு, பெண்களுக்கு அக்கறை இல்லை என்று நாங்களே சொல்லத் தொடங்கியிருந்தோம் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது அட்டமியை ஒட்டி வரும் வெள்ளிக்கிழமையில், மாதம் இருமுறை, மாலை 4.30 மணிக்குத் தொடங்கி 6 மணிக்குள் முடிக்கிறோம். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் கடலுக்குச் செல்வதால் வெள்ளி மாலை அந்த வேலை இருப்பதில்லை. அட்டமியில் நீரோட்டம் தணிந்திருப்பதால் பாசிக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள். பெரும்பாலான மாதங்களில் மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்கு முன் முடிந்துவிடுவதால் முஸ்லிம் பெண்களுக்கும் இடையூறு இல்லை. நாட்டுப்படகு வீடுகளுக்கு மட்டும் சில வெள்ளிகள் ஒத்துவருவதில்லை. இடம் ஊருக்கு ஊர் மாறும். வழிபாட்டுத் தலங்களையும் கட்சிக்காரர் வீடுகளையும் தவிர்த்துவிட்டு, அங்கன்வாடித் திண்ணை, புயல் காப்பக வளாகம், ஊராட்சி அலுவலக நிழல் என்று அமர்கிறோம்.

5. கூட்டத்துல உக்காந்து என்னதான் செய்வீக?

முதல் கால் மணி நேரம் ஒருவர் செய்தித்தாளைச் சத்தமாகப் படிப்பார். அரசாணை, திட்டம், மீன்வளத்துறை அறிவிப்பு என எதில் நம் பெயர் வருகிறதோ அதைப் படித்து, அதில் நமக்கு என்ன என்று பேசுவோம். பிறகு மனுக்கள் எழுதுவோம். மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் தாம் கட்டிய 1,500 ரூபாயோடு அரசின் பங்கும் சேர்ந்து 4,500 ரூபாய் வர வேண்டியிருக்க, அது வராமல் போனவர். மகளிர் உரிமைத்தொகை நிராகரிக்கப்பட்டு மேல்முறையீடு செய்ய வேண்டியவர். முதியோர் உதவித்தொகை திடீரென நின்றவர் என வரிசையாக வருவார்கள். எழுதிய மனுவோடு திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு இருவர் துணைக்குச் செல்வார்கள். மனுவின் நகலும் அங்கே தரும் ஒப்புகைச் சீட்டும் எங்கள் பதிவேட்டில் ஒட்டப்படும்.

மீதி நேரம் முழுவதும் ஒத்திகைதான். ஒருவர் தலைவராகவும் ஒருவர் ஊராட்சிச் செயலராகவும் இருவர் குறுக்கே பேசும் ஆண்களாகவும் அமர்வார்கள். மற்றவர்கள் எழுந்து நின்று, இடைமறிக்கப்பட்டாலும் குரல் உடையாமல், தங்கள் கோரிக்கையை 3 வாக்கியத்தில் சொல்லி முடிக்க வேண்டும். குறுக்கே பேசும் பாத்திரத்தை எங்கள் பெண்கள் எவ்வளவு நன்றாகச் செய்கிறார்கள் என்பதைப் பார்த்தால், எத்தனை ஆண்டுகள் அதைக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்பது புரியும்.

6. கிராம சபையில ஆம்பளைக பேசுறதே எடுபடல. நாங்க பேசினா மட்டும் எடுபடுமா?

பேசினால் மட்டும் எடுபடாது. பேசியது தீர்மானப் பதிவேட்டில் ஏற வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதி ஊராட்சி ஒன்றில், உவர்நீரைக் குடிக்க முடியாமல் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு நெடுந்தூரம் போய் வரும் தெருவுக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் இணைப்பு வேண்டும் என்று நாங்கள் 40 பெண்கள் எழுந்து நின்று கேட்டோம். எல்லோரும் தலையாட்டினார்கள். வருகைக் கையெழுத்து என்று சொல்லி ஒரு தாளில் ஒப்பம் வாங்கினார்கள். 3 மாதம் கழித்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் வாங்கிப் பார்த்தபோது, அன்றைய தீர்மானங்களில் எங்கள் குழாய் இல்லை. நாங்கள் கேட்டறியாத வேறொரு பணிக்கு நாங்கள் ஒப்புதல் அளித்ததாக எழுதி, அதன் கீழே எங்கள் கையெழுத்துகள் இருந்தன. அன்று இரவு நான் உறங்கவில்லை. மன்றம் தொடங்கியதற்கு அந்தத் தாள்தான் காரணம்.

ஆகவே முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். தமிழ்நாட்டில் முன்பு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு 4 கூட்டங்கள் இருந்தன. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து 6 ஆயின. கூட்டம் செல்லுபடியாக ஒரு குறைந்தபட்ச வருகை வேண்டும்: 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். அந்த எண்ணிக்கையை நிரப்பத்தான் பல ஊர்களில் நூறு நாள் வேலைப் பெண்களைக் கூட்டி வந்து உட்கார வைக்கிறார்கள். எண்ணிக்கைக்கு நாம் வேண்டும் என்றால், நம் தீர்மானத்துக்கும் அந்த எண்ணிக்கை உதவத்தான் வேண்டும்.

எங்கள் பழக்கம் இது: கோரிக்கையை முன்னதாகவே எழுதி ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லி, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குவோம். கூட்டத்தில் தீர்மானத்தை நாமே வாசிப்போம். பதிவேட்டில் எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்வோம். வெற்றுத்தாளிலோ இடைவெளி விட்ட பக்கத்திலோ யாரும் கையெழுத்திடுவதில்லை. மறுநாள் தகவல் உரிமை மனு போகும். அதற்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு உண்டு.

7. எங்க ஊரு நகராட்சி. எங்களுக்குக் கிராம சபையே கிடையாதே?

உண்மைதான். ராமேஸ்வரமும் கீழக்கரையும் நகராட்சிகள். மண்டபமும் தொண்டியும் பேரூராட்சிகள். அங்கெல்லாம் கிராம சபை கிடையாது. பாம்பனும் தங்கச்சிமடமும் கூட்டம் நெருக்கும் ஊர்களாக இருந்தாலும் ஊராட்சிகள்தான், அங்கே உண்டு. நகரப் பகுதிகளில் வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன. அவற்றில் பேசுவதற்கும் பதிவு செய்வதற்கும் 6ஆம் பதிலில் சொன்ன அதே பழக்கத்தையே கடைப்பிடிக்கிறோம்.

8. அடுத்து என்னென்ன நிகழ்ச்சி இருக்கு? முன்கூட்டியே சொன்னா தோதா இருக்கும்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்விட்ட இந்த ஜூலையில் இதை எழுதுகிறேன். முதலில் வருவது ஆகஸ்ட் 15 கிராம சபை. அதற்கு முந்தைய இரண்டு கூட்டங்களும் ஒத்திகைக்காகவே ஒதுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு ஊரும் ஒரே ஒரு கோரிக்கையைத் தேர்ந்துகொண்டு வர வேண்டும். பத்துக் கோரிக்கை கேட்டால் பத்தும் மறக்கப்படும் என்பது எங்கள் அனுபவம். பதநீர்ப் பருவம் முடிந்து பனைத்தொழில் வீடுகளுக்குச் சற்று ஓய்வு கிடைக்கும் செப்டம்பரில், சாயல்குடி, கடலாடிப் பக்கத்துப் பெண்களுக்குத் தகவல் உரிமை மனு எழுதும் பயிற்சி. அக்டோபர் 2 கிராம சபைக்குப் பிறகு, வாடைக்காற்றும் மழையும் தொடங்குமுன், ஊர்தோறும் புயல் காப்பகங்களைப் பார்வையிடப் போகிறோம்: கதவு திறக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கைக்குழந்தையோடு ஓர் இரவைக் கழிக்க முடியுமா என்று பார்த்து, அந்த அறிக்கையை நவம்பர் 1 கிராம சபையில் வைப்போம்.

நவம்பர் 21 உலக மீன்வள நாளில் பொதுக்கூட்டம். மீனவர் என்றால் படகில் போகும் ஆண் மட்டும்தானா என்பதுதான் இந்த முறை பேச எடுத்துக்கொண்ட பொருள். ஜனவரி 25 தேசிய வாக்காளர் நாளில் பட்டியல் சரிபார்ப்பு, மறுநாள் கிராம சபை. மார்ச் 8 அன்று கோலப்போட்டியோ பரிசளிப்போ வைப்பதில்லை. அந்த ஆண்டு கொடுத்த மனுக்களில் எவற்றுக்குப் பதில் வந்தது, எவற்றுக்கு வரவில்லை என்பதை ஊரறிய வாசிப்போம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் ஊராட்சி நிர்வாகம் பற்றிய நீண்ட வகுப்பு. விசைப்படகு வீடுகளில் கையில் காசு இல்லாவிட்டாலும் நேரம் இருக்கும் மாதங்கள் அவை.

9. கல்யாணமாகி ஏழு வருசமாச்சு மதினி. ஓட்டு இன்னும் பொறந்த ஊருலயே கெடக்கு. என்ன செய்ய?

இடம் மாறியதற்குப் படிவம் 8 கொடுக்க வேண்டும். பெயரே எந்தப் பட்டியலிலும் இல்லாவிட்டால் படிவம் 6. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நாட்களில் ஏதேனும் ஒன்றில் 18 வயது நிறைந்தால் பெயர் சேர்க்கத் தகுதி உண்டு. முன்பு போல ஜனவரி 1க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம், இணையத்திலும் செய்யலாம். ஐயம் இருந்தால் 1950 என்ற எண்ணை அழைக்கலாம். இரண்டு ஊரிலும் பெயர் இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள், அது சட்டப்படி தவறு.

இதில் நாங்கள் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியல் சட்டமன்றப் பட்டியலின் அடிப்படையிலேயே தயாராகிறது. பெயர் பிறந்த ஊரில் இருந்தால், வாழும் ஊரில் வாக்கும் இல்லை, கிராம சபையில் இடமும் இல்லை, தேர்தலில் நிற்கவும் முடியாது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, புகுந்த வீட்டில் இருக்கும் பெண்கள் தாய் தந்தையரின் பழைய பட்டியல் விவரங்களைத் தேடி அலைந்ததை நாங்கள் நேரில் கண்டோம்.

10. நான் எலக்‌ஷன்ல நிக்கணும்னா என்ன படிச்சிருக்கணும்? மூணு பிள்ளை வேற இருக்கு.

தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தலுக்குக் கல்வித் தகுதி எதுவும் விதிக்கப்படவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் நிற்கக்கூடாது என்ற விதி வேறு சில மாநிலங்களில் கொண்டுவரப்பட்டது, இங்கே இல்லை. 21 வயது நிறைந்திருக்க வேண்டும், அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். 2019 தேர்தலில் வைப்புத்தொகை ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், ஊராட்சித் தலைவருக்கும் ஒன்றிய வார்டு உறுப்பினருக்கும் 600 ரூபாய், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு 1,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. ஊராட்சி வார்டுக்கும் தலைவர் பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் உண்டு.

இடஒதுக்கீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தந்தது. 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 2016இல் அந்தப் பங்கு பாதியாக உயர்த்தப்பட்டது. அந்தப் பாதி ஒதுக்கீட்டோடு 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில் நடந்த தேர்தலில் நம் மாவட்டத்திலும் ஏராளமான பெண்கள் வந்தார்கள். அவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். பதவியில் இருந்த பெண்கள் கற்றுக்கொண்டது வீணாகாமல் அடுத்து வருபவர்களுக்குச் சேர வேண்டும் என்பதற்காகவே, முன்னாள் தலைவர்களையும் உறுப்பினர்களையும் எங்கள் தடைக்கால வகுப்புகளுக்கு ஆசிரியர்களாக அழைக்கிறோம்.

11. லேடீஸ் வார்டுன்னு வந்தா மட்டுந்தானே பொம்பளைக நிக்கலாம்?

இல்லை. பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் ஆண் நிற்க முடியாது. பொது இடத்தில் பெண் நிற்கலாம். இந்த ஒரு செய்தி தெரியாததால் எத்தனையோ பெண்கள் தங்கள் வார்டுக்கு முறை வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். அடுத்த முறை அந்த வார்டு பொதுவாக மாறியதும், நன்றாகப் பணியாற்றிய பெண்கூட ஒதுங்கிக்கொள்கிறார். ஒதுங்க வேண்டிய சட்டம் எதுவும் இல்லை.

12. ஊர்ப் பெரியவுக கூடித் தலைவர் பதவிய ஏலம் விட்டுர்றாக. கோயிலுக்குப் பணம் சேருதுன்னா அதுல என்ன தப்பு?

தப்புதான், குற்றமும்கூட. ஒருவர் மட்டும் மனுத் தாக்கல் செய்து போட்டியின்றித் தேர்வாவது சட்டத்துக்கு உட்பட்டது. பணம் வைத்து மற்றவர்களை விலகச் செய்வது, எந்த நல்ல காரியத்துக்குப் பணம் போனாலும், வாக்குரிமையை விற்பதாகும். ஏலத்தில் கூவப்படும் தொகையை எந்தப் பெண்ணால் கொடுக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். ஒதுக்கீட்டு இடமாக இருந்தால் பணம் கட்டுபவர் ஆணாகவும் பெயர் மட்டும் அவர் மனைவியுடையதாகவும் இருக்கும். அதன் விளைவு அடுத்த கேள்வியில் இருக்கிறது.

13. பேரு எனக்கு, நாற்காலி எங்க வீட்டுக்காரருக்குன்னு ஆயிருச்சு. இதுக்கு என்ன வழி?

பதவியில் இருந்த ஒரு சகோதரி கண் கலங்கிக் கேட்ட கேள்வி இது. சட்டம் இடத்தையும் வாக்கையும் கையெழுத்தையும் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு மட்டுமே தருகிறது. கணவருக்கோ மகனுக்கோ அதில் எந்தப் பங்கும் இல்லை. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும். எதற்கு என்று தெரியாமல் கையெழுத்திட்டால், தணிக்கையில் குறை வரும்போது கேள்வி கையெழுத்திட்டவரிடம்தான் வரும், கணவரிடம் வராது.

ஆனால், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வாருங்கள் என்று நாங்கள் சொல்வதில்லை. அப்படிச் சொல்வது எளிது, வாழ்வது அவர். முதலில் ஊராட்சியின் வரவு செலவு எழுதும் ரொக்கப் புத்தகத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளச் சொல்கிறோம். அடுத்து, கையெழுத்துக்கு வரும் தாள்களை ஓர் இரவு வீட்டில் வைத்துப் படித்துவிட்டு மறுநாள் தருவது என்ற வழக்கத்தை ஏற்படுத்தச் சொல்கிறோம். அதன் பிறகு, கூட்டத்துக்கு மன்றத்துப் பெண்கள் நாலு பேர் உடன் வந்து வெளியே அமர்வார்கள். அந்தச் சகோதரி பதவியின் கடைசி ஆண்டில் தம் அலுவலக மேசையில் தாமே அமர்ந்தார். ஓராண்டுதானே என்று நினைக்கலாம். 6ஆம் பதிலில் சொன்ன குடிநீர் இணைப்புக்கான தீர்மானம் பதிவேட்டில் ஏறியது அந்த ஆண்டில்தான்.

14. ஊர்க்கமிட்டியிலயோ ஜமாத்துலயோ முடிவெடுத்துட்டா, நாம கிராம சபையில வேற மாதிரி கேக்கலாமா? ஊரைப் பகைச்சுக்கிட்டு இருக்க முடியுமா ராத்தா?

கேட்கலாம். ஊர்க்கூட்டமும் ஜமாத்தும் ஊரின் வழக்கத்தால் நடப்பவை; குடும்பச் சச்சரவு, திருவிழா, படகுத் தகராறு என்று அவை தீர்த்து வைக்கும் காரியங்கள் பல, அவற்றை நாங்கள் குறைத்துப் பேசுவதில்லை. ஆனால், ஊராட்சியின் பொதுப்பணத்தை எப்படிச் செலவிடுவது என்பது கிராம சபையின் பொருள், அங்கே நீங்களும் உறுப்பினர். நம் கடற்கரையில் பல ஊர்க்கூட்டங்களில் பெண்கள் உட்காரும் வழக்கமே இல்லை. நாம் இல்லாத இடத்தில் எடுத்த முடிவு நம்மையும் கட்டுப்படுத்தும் என்பதை நான் ஏற்கவில்லை.

பகையைப் பற்றிய அச்சம் நியாயமானது. அதனால், கிராம சபைக்கு ஒரு வாரம் முன்பே மூத்த பெண்கள் இருவர் ஊர்த்தலைவரையோ ஜமாத் தலைவரையோ நேரில் கண்டு, நாங்கள் இதைக் கேட்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வருவார்கள். அனுமதி கேட்கப் போவதில்லை, தெரிவிக்கப் போகிறார்கள். பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கிவிடுவதைக் கண்டிருக்கிறோம்.

15. பாசிக்குப் போறவுகள வனத்துறை மறிச்சா மன்றம் வந்து நிக்குமா?

இது இரண்டு கேள்வி. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அதற்குள் போவதற்கான தடையை மன்றம் நினைத்தால் நீக்கிவிட முடியாது. அப்படி நம்பிக்கை கொடுத்து யாரையும் சிக்கலில் மாட்டிவிடவும் மாட்டோம். மறிக்கும்போது பெண்களிடம் மரியாதையின்றிப் பேசினாலோ, கூடையையும் பாசியையும் பறித்துவிட்டு எழுத்து எதுவும் தராமல் அனுப்பினாலோ, அதை எழுதி மேலதிகாரிகளிடமும் ஆட்சியரிடமும் கொண்டு போவோம்.

பாசி எடுப்பவர்களும் மீனவத் தொழிலாளர்களே, அவர்களுக்கும் அடையாள அட்டையும் நிவாரணமும் வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் கோரிக்கை. கடலை அழிப்பவர்கள் என்று அவர்களைச் சொல்வது எனக்குப் பொறுக்காத பேச்சு. இரும்புக் கரண்டியால் சுரண்டாமல் கையால் எடுப்பது, நாட்களைக் குறைத்துக்கொள்வது, இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்திவைப்பது என்று தாமே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்கள் அவர்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி எடுக்கும் பெண் ஒருவருக்கு 2015இல் சீகாலஜி என்னும் பன்னாட்டுச் சூழலியல் பரிசு கிடைத்ததே, அதைவிட என்ன சான்று வேண்டும்?

16. கடல்ல எங்க வீட்டு ஆம்பளையப் பிடிச்சுட்டுப் போயிட்டா நீங்க என்ன செய்வீக?

இலங்கைக் கடற்படை கைது செய்த செய்தி வந்த இரவில், மன்றத்தால் செய்யக்கூடியது சிறிதுதான், ஆனால் அதைத் தாமதமின்றிச் செய்கிறோம். படகின் பதிவுச் சான்று, கடலுக்குப் போன அனுமதிச் சீட்டு, மீனவர் அட்டை, ஆதார் ஆகியவற்றின் நகல்களைத் திரட்டி மறுநாள் காலையிலேயே மீன்வளத்துறையில் சேர்ப்போம். சிறையில் இருக்கும் நாட்களுக்குக் குடும்பத்துக்கு அரசு வழங்கும் தினசரி உதவித்தொகைக்கு மனு எழுதுவோம். பள்ளிக் கட்டணத்துக்கும் அடகுக்கடை வட்டிக்கும் தவணை கேட்க உடன் போவோம். இந்தத் தாள்களை எல்லாம் முன்கூட்டியே ஒரு பையில் போட்டு வீட்டில் வைத்திருக்கும்படி ஒவ்வொரு கூட்டத்திலும் வற்புறுத்துகிறோம்.

எல்லைச் சிக்கலில் எந்தக் கட்சி செய்தது சரி என்ற விவாதம் மன்றத்தில் நடப்பதில்லை. 1ஆம் பதிலில் சொன்ன கட்டுப்பாடு இங்கேதான் மிகவும் பயன்படுகிறது.

17. சட்டமன்றத்துலயும் பார்லிமென்ட்டுலயும் 33 சதவீதம் வந்துருச்சுன்னாகளே?

2023 செப்டம்பரில் 106ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று அது சொல்கிறது. அச்சட்டம் வந்தபின் எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் அதையொட்டிய தொகுதி மறுவரையறையையும் அடுத்தே அது செயலுக்கு வரும் என்றும் அதில் எழுதப்பட்டது. நம் மாவட்டத்தில் பரமக்குடி, திருவாடானை, ராமநாதபுரம், முதுகுளத்தூர் என 4 சட்டமன்றத் தொகுதிகள். அவற்றில் ஒன்றுக்கு இந்தக் கடற்கரையிலிருந்து ஒரு பெண் போக வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு இருக்கிறது. அவர் இப்போது ஏதோ ஓர் ஊராட்சியில் ரொக்கப் புத்தகம் படித்துக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன்.

18. வர ஆசையாத்தான் இருக்கு. ஆனா பேரு வெளிய தெரிஞ்சா வீட்டுல திட்டுவாக. சும்மா வந்து பாக்கலாமா?

வரலாம். முதல் 3 கூட்டங்களுக்கு யாருடைய பெயரையும் பதிவேட்டில் எழுதுவதில்லை. சந்தாவும் இல்லை, படம் எடுப்பதும் இல்லை. மாமியாரையோ மகளையோ உடன் அழைத்து வரலாம். அப்படி வந்த மாமியார்களில் இருவர் இப்போது ஒத்திகையில் தலைவர் நாற்காலியை விட்டுக்கொடுக்க மறுக்கிறார்கள். தகவல் உரிமை மனுவுக்கு மட்டும் பெயரும் முகவரியும் கட்டாயம் என்பதால், அதில் கையெழுத்திட முன்வருபவர்களை நாங்களே வைத்திருக்கிறோம். உங்களைக் கேட்க மாட்டோம்.

ஆகஸ்ட் கிராம சபைக்கான முதல் ஒத்திகை அடுத்த அட்டமி வெள்ளியன்று நடக்கிறது. எந்த ஊரில் என்பதை முந்தைய நாள் மாலை ஏலக்கூடத்திலும் குழாயடியிலும் சொல்லி அனுப்புவோம். வரும்போது உங்கள் தெருவில் கடைசியாக எந்த நாளில் தண்ணீர் வந்தது என்பதைக் கேட்டு வாருங்கள், அதிலிருந்துதான் தொடங்கப் போகிறோம்.